உமாபதியும் தொலைந்த மூன்றாம் பாகமும்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் உமாபதி வீடு எது என்று கேட்டால், எந்த உமாபதி என்று திருப்பிக் கேட்பார்கள். அட்டை உமாபதி என்று சொன்னால்தான் கை காட்டுவார்கள். தறிக்கு மேலே உட்கார்ந்திருக்கும் ஜக்கார்டு பெட்டிக்கு, எந்த இழையைத் தூக்கு, எதை விடு என்று உத்தரவு போடுவது துளையிட்ட அட்டைகள். கட்டம் போட்ட தாளில் டிசைனை வரைந்து, அதைக் கட்டத்துக்குக் கட்டம் பார்த்து அட்டையில் துளை குத்திக் கொடுப்பது உமாபதியின் தொழில். காலையிலிருந்து சாயங்காலம் வரை சுத்தியல் சத்தம்தான். ஊரில் பாதிக் கல்யாணச் சேலைகளில் அவருடைய மயில்தான் நிற்கிறது. அவர் பெயர் எதிலும் இல்லை. அதைப் பற்றி அவருக்குப் புகாரும் இல்லை.

இந்தத் தொழிலில் ஒரு சங்கதி உண்டு. அவர் அட்டை குத்திக் கொடுக்கும் தறிகளில் சேலையின் நல்ல பக்கம் தரையைப் பார்த்தபடிதான் இறங்கும். நெய்கிறவர் கண்ணுக்குத் தெரிவது பின்பக்கம். அதனால் வலது பக்கம் பார்க்கும் மயில் வேண்டுமென்றால், அட்டையில் அதை இடது பக்கம் பார்க்க வைக்க வேண்டும். புதிதாகக் கற்கிறவர்கள் இதில் கோட்டை விட்டு, மயில்களெல்லாம் முந்தானைக்கு முதுகு காட்டி நிற்கும்படி செய்துவிடுவார்கள். உமாபதி கோட்டை விட்டது கிடையாது. தாளைப் பார்த்ததும் அவருடைய கை தானாகத் திருப்பிக்கொள்ளும். திருப்புகிறோம் என்ற நினைப்பே அவருக்கு நின்று வெகு காலம் ஆகிவிட்டது.

அட்டையை விட்டால் அவருக்கு இன்னொரு பைத்தியம் இருந்தது. தொண்ணூற்றொன்றாம் வருஷம் சென்னைக்குப் போய்ப் பரீட்சை எழுதி, அமெச்சூர் ரேடியோ உரிமம் வாங்கினார். வீட்டில் ஒரு வயர்லெஸ் பெட்டியை வைத்துக்கொண்டு, மொட்டை மாடியில் நீளமாக ஒரு கம்பியைக் கட்டி, முகம் தெரியாத வெளியூர்க்காரர்களோடு பேசிக்கொள்ள அரசாங்கம் கொடுக்கும் அனுமதி அது. நாலு காசு வரும்படி இல்லாத வேலை. கம்பி கட்டிய புதிதில், எதிர் வீட்டு டிவியில் படம் ஆடினால்கூட இவர் மாடியைப் பார்த்துத்தான் முறைத்தார்கள். அவர் மனைவி துர்காதேவி மட்டும் அந்தக் கம்பிக்கு ஓர் உபயோகம் கண்டுபிடித்தாள். அதில் பாவாடை காயப் போட்டாள். உமாபதி ஒரு வாரம் சண்டை போட்டுப் பார்த்துவிட்டு, கம்பியைக் கை எட்டாத உயரத்துக்கு ஏற்றிக் கட்டினார்.

மைக்கைப் பிடித்துப் பேசுவதில் அவருக்கு நாட்டமில்லை. மோர்ஸ்தான். குட்டைச் சத்தம், நெட்டைச் சத்தம், நடுவில் இடைவெளி, அவ்வளவுதான் அந்தப் பாஷை. அட்டையில் துளை இருக்கும், அல்லது இருக்காது. இதுவும் அதே கணக்கு என்று பட்டதால், மற்றவர்கள் மாதக்கணக்கில் முட்டி மோதிக் கற்றதை அவர் லேசாகப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நாளில் வானத்தில், அதாவது ரேடியோக்காரர்கள் நடுவில், அவருக்கு ஒரு பெயரும் கிடைத்தது. எவ்வளவு இரைச்சலிலும், எவ்வளவு வேகத்திலும் எழுத்தைப் பிடித்துவிடுவார் என்று. மோர்ஸ்காரர்களுக்குள் மூன்றெழுத்துச் சங்கேதங்கள் உண்டு. கியூ ஆர் எஸ் என்று அடித்தால், கொஞ்சம் மெதுவாக அனுப்புங்கள் என்று அர்த்தம். அதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை, எல்லோரும் கேட்பதுதான். தான் அதை ஒரு தடவைகூட அடித்ததில்லை என்பதை உமாபதி பேச்சுவாக்கில், ஆனால் தவறாமல், எல்லோரிடமும் சொல்லிவிடுவார்.

அவருடைய வேகத்துக்கு ஈடு கொடுத்தவர் மானாமதுரைக் கலியன். ரயில்வேயில் தந்தி அடித்து அடித்தே ஓய்வு பெற்ற மனிதர். தினமும் காலை ஆறு மணிக்கு இருவரும் ஒரே அலைவரிசைக்கு வந்துவிடுவார்கள். தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பார்கள். கலியனின் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: காலையில் என்ன டிபன். பிறகு வைகையில் தண்ணீர் வந்ததா, பாலாற்றில் வந்ததா, எந்த ரயில் எவ்வளவு தாமதம், துர்காதேவி கம்பியில் என்ன காயப் போட்டிருக்கிறாள் என்று பேச்சு போகும். ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று இருவருக்கும் தோன்றவுமில்லை. கடைசி எழுத்தைக் கலியன் கொஞ்சம் இழுத்து அடிப்பார். உமாபதிக்கு அந்த இழுப்பு போதும், ஆள் முன்னால் உட்கார்ந்திருக்கிற மாதிரிதான்.

இரண்டாயிரத்து மூன்றில் காது மக்கர் பண்ண ஆரம்பித்தது. இருபத்தைந்து வருஷச் சுத்தியல் சும்மா விடுமா. கீச்சென்ற சத்தங்கள் முதலில் போயின. அடுக்களையில் குக்கர் விசில் போயிற்று, பிறகு வாசல் மணி. டாக்டர் ஒரு கண்ணாடி அறையில் உட்கார வைத்துச் சோதித்துவிட்டு, கீச்சுக் குரல் எல்லாம் இனிமேல் கேட்காது, தடித்த தாழ்ந்த சத்தம் கேட்கும், இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார். உமாபதி வீட்டுக்கு வந்து காதில் அழுக்கு என்று சொன்னார்.

"அழுக்கா? அப்ப நான் கூப்புட்டா திரும்பாம இருக்கறது இன்னா?" என்று துர்காதேவி கேட்டாள்.

"வேலையா இருந்துக்கினு இருந்தேன்."

"சும்மா உக்காந்துக்கினு இருந்தீங்க."

அவர் எழுந்து சுத்தியலை எடுக்கப் போய்விட்டார். அவள் சொன்னது அவருக்குக் கேட்டதா இல்லையா என்று அவளுக்கும் தெரியவில்லை.

வீட்டில் சமாளித்துவிடலாம். வானத்தில் சமாளிக்க முடியவில்லை. இரைச்சலோடு இரைச்சலாகக் கலியனின் சத்தம் கரைந்துபோகும். நாலு எழுத்துக்கு ஓர் எழுத்துதான் பிடிபடும். மெதுவாக அனுப்பச் சொல்ல வேண்டியதுதானே என்று நாம் சொல்வோம். அவருக்கு மனசு வரவில்லை. ஊகித்துப் பதில் சொல்ல ஆரம்பித்தார். நல்லது, சரி, ரொம்ப சந்தோஷம், இந்த மூன்றையும் மாற்றி மாற்றி அடித்துப் பல நாள் ஓட்டினார். பாதி உலகம் இந்த மூன்று வார்த்தையில்தான் ஓடுகிறது என்பதால் அதிகம் மாட்டிக்கொள்ளவும் இல்லை.

ஒரு நாள் மாட்டிக்கொண்டார். கலியன் நீளமாக ஏதோ அடித்தார். வீடு, படி என்று இரண்டு வார்த்தைகள் பிடிபட்டன. வீட்டுக்கு மாடிப்படி கட்டுகிறார் போலிருக்கிறது என்று நினைத்து, ரொம்ப சந்தோஷம் என்று அடித்தார் உமாபதி. அந்தப் பக்கம் சத்தம் நின்றுபோயிற்று. பத்து நாள் கழித்து ஒரு போஸ்ட் கார்டு வந்தது. வீட்டுக்காரி படியில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்ததைத்தான் அன்று சொன்னேன், நீங்கள் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது, இப்போது தேறி வருகிறாள், காதுக்கு ஒன்றும் இல்லையே என்று கலியன் எழுதியிருந்தார்.

உமாபதிக்கு அன்று சோறு இறங்கவில்லை. முகத்தைக் கொண்டுபோய் எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அப்போதாவது உண்மையை எழுதியிருக்கலாம். எழுதவில்லை. 'டிரான்ஸ்மிட்டர் பழுது. அன்றைக்கே தகராறு செய்தது. சரியானதும் வருகிறேன்' என்று ஒரு கார்டு போட்டுவிட்டு, பெட்டியை மூடித் துணியைப் போர்த்தினார். காது விஷயம் யாருக்கும் தெரியாமல், மறுபடி காலை ஆறு மணிக்குக் கலியனைக் கேட்க வேண்டும். அதற்கு என்ன வழி என்பதுதான் அதற்குப் பிறகு அவருடைய ஒரே யோசனை.

வழி ஒன்று இருந்தது, அதை அவர் முன்பே பார்த்தும் இருந்தார். இரண்டாயிரத்தில், காந்தி ரோட்டு மாடியில் பிரவுசிங் சென்டர் திறந்த புதிதில், அங்கே போய் ரேடியோ சம்பந்தமாகக் கண்டதையும் பார்த்துக்கொண்டிருந்தபோது, நியூசிலாந்துக்காரர் ஒருவர் எழுதிய கட்டுரை கண்ணில் பட்டது. மூன்று பாகம். ரேடியோவுக்கும் ஹெட்போனுக்கும் நடுவே வைக்கிற ஒரு சின்னப் பெட்டியை வீட்டிலேயே செய்வது எப்படி என்று அதில் இருந்தது. ஆடியோ ஃபில்டர் என்பார்கள். இரைச்சலையெல்லாம் வெளியே தள்ளிவிட்டு, ஒரே ஒரு சுருதியை மட்டும் உள்ளே விடும். எழுதியவரும் வயதாகிக் காது மங்கியவர். அதனால் அந்தச் சுருதியைத் தாழ்ந்த, தடித்த சத்தமாக வைத்திருந்தார். சிங்கப்பூர்ச் சந்தையில் தேடினாலும் உமாபதிக்கு அதைவிடப் பொருத்தமான பெட்டி கிடைக்காது.

முதல் இரண்டு பாகங்களை அன்றே அச்செடுத்து வைத்திருந்தார். இரண்டாம் பாகத்தில், மின்சாரம் ஓட வேண்டிய பாதைகளைச் செப்புப் பலகையில் கோடாகப் போடுவதற்கான படம் முழுசாக இருந்தது. மூன்றாம் பாகத்தில் வெறும் எழுத்துதான், ஓரமாக ஒரே ஒரு படம். எழுத்துக்கு எதற்குத் தாளை வீணாக்க வேண்டும், இணையத்தில் இருப்பது எங்கே போய்விடப் போகிறது, வேண்டும்போது வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். இப்படி நினைத்தவர் அவர் ஒருவர் மட்டுமல்ல.

டிசைன் வரைகிற மெல்லிய தூரிகையாலேயே செப்புப் பலகையில் பெயிண்டால் கோடு போட்டார். வேண்டாத செப்பைக் கரைக்கிற திராவகத்தைத் துர்காதேவியின் பித்தளைக் கிண்ணத்தில் ஊற்றிவிட்டு, கிண்ணத்தில் ஓட்டை விழுந்ததும் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். பலகை என்னவோ அச்சு வார்த்த மாதிரி வந்தது. சென்னை ரிச்சி தெருவில் வாங்கி வந்த சிப்பை அதில் உட்கார வைத்து மின்சாரம் கொடுத்தார். விரல் வைக்க முடியாமல் சுட்டது. பிறகு செத்துப்போயிற்று. இன்னொன்றை வைத்தார். அதுவும் அதே வழிக்குப் போயிற்று.

"டூப்ளிகேட் தலையில கட்டிட்டான்" என்றார்.

அடுத்த முறை வேறு கடையில் வாங்கினார். அதற்கடுத்த முறை வேறு பலகை செய்தார். படத்தை எடுத்து வைத்துக்கொண்டு பலகையின் கோடுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். மயில் கழுத்தில் ஒரு துளை பிசகினாலும் கண்டுபிடிக்கிற கண் அது. ஒரு கோடும் பிசகவில்லை. ஆக, படத்தில் தவறு இல்லை, பலகையில் தவறு இல்லை, சிப்பை மாற்றியாயிற்று. மூன்றாம் பாகத்தில்தான் ஏதோ திருத்தம் இருக்க வேண்டும், திருத்திய படம்தான் அந்த ஓரமாக இருந்த படம் என்று அவர் முடிவுக்கு வந்தார். முடிவுக்கு வந்துவிட்டால் அவரை அதிலிருந்து கிளப்ப முடியாது.

காந்தி ரோட்டுக்குப் போனார். சென்டரை நடத்தியவள் ஸிந்துஜா, சின்ன காஞ்சிபுரத்துப் பெண். எம்.சி.ஏ. படித்துவிட்டு, குழந்தை பள்ளிக்கூடம் போகிற நேரத்தில் வீட்டில் சும்மா இருக்க முடியாமல் கடை போட்டவள். வாடிக்கையாளர்களைப் பொறுத்துக்கொள்வதில் அவளுக்கு ஒரு அளவு உண்டு, அந்த அளவு பெரிசில்லை. பழைய முகவரியைத் தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"இது போயிடுத்து சார். இலவசமா இடம் குடுத்துண்டிருந்த கம்பெனி அது. மூடிட்டா."

"மூடினா இன்னா மா, அதுல இருந்தது எங்க போவும்?"

"எங்கயும் போகாது. இல்லாம போயிடும்."

உமாபதிக்கு இது புரிவதற்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. ஒரு தறியை விற்றாலும் அட்டைக் கட்டு பரணில் கிடக்கும். ஒரு முதலாளி கடையைக் கட்டினாலும் டிசைன் யாரிடமாவது இருக்கும். உலகம் பூராவும் பார்த்த ஒரு பக்கம் சுவடில்லாமல் போகும் என்பதை அவரால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. எழுதியவருக்கு ஒரு மின்னஞ்சல் போடச் சொன்னார். அது போன சுருக்கில் திரும்பி வந்தது.

ஸிந்துஜாவுக்கு எரிச்சல் வந்தது. எரிச்சல் வந்தால் அவள் வேலையில் சூரப்புலி. செத்துப்போன பக்கங்களைச் சேர்த்து வைக்கிற தளம் ஒன்று இருப்பதைத் தேடிப் பிடித்தாள். சில நாள் கழித்து உமாபதி வந்தபோது திரையைத் திருப்பிக் காட்டினாள். மூன்றாம் பாகம் அங்கே இருந்தது. எழுத்து முழுக்க அப்படியே இருந்தது. படம் இருந்த இடத்தில் மட்டும் வெற்றுக் கட்டம் ஒன்றும் அதன் மூலையில் ஒரு சிவப்புப் பெருக்கல் குறியும்.

"பிரிண்ட் போடட்டுமா சார்?"

"படம் இல்லியே மா."

"எழுத்து இருக்கே."

"எழுத்த வச்சிக்கினு நான் இன்னா பண்றது? டிசைன் இல்லாம வெறும் பேச்சு. படம் வேணும் மா."

அவர் பிழைப்பில் அது நியாயமான பேச்சுதான். முதலாளிகள் வாயால் சொன்ன டிசைனை நம்பி அட்டை குத்தி நாசமாய்ப் போனவர்களை அவருக்குத் தெரியும். தாளில் கட்டம் போட்டு வந்தால்தான் அது டிசைன். போதாக்குறைக்கு, அந்த எழுத்து இங்கிலீஷில் இருந்தது. அதை எழுத்துக்கூட்டிப் படித்து முடிக்க ஒரு பொழுதாகும் என்பதை அவர் சொல்லவில்லை.

அதன்பிறகு படத்தைத் தேடி அவர்கள் அலைந்தது ஒரு தனிக் கதை. வாரத்தில் ஒரு நாள் கடையில் கூட்டம் குறைகிற நேரமாகப் பார்த்து வந்து உட்கார்ந்துகொள்வார். அந்தக் கட்டுரையைப் பற்றி எங்காவது ஒரு வரி எழுதியிருந்த ரேடியோக்காரர்களையெல்லாம் ஸிந்துஜா தேடிக் கண்டுபிடித்து, மின்னஞ்சல் அனுப்பினாள். ஒரு ஜப்பான்காரர், நானும் அதைத்தான் தேடுகிறேன், கிடைத்தால் சொல்லுங்கள் என்றார். டெக்சாஸ்காரர் ஒருவர் தான் விற்கிற பெட்டியின் விலையைச் சொன்னார். இத்தாலியிலிருந்து ஒருவர், காஞ்சிபுரத்தில் எத்தனை கோயில் என்று விசாரித்து எழுதினார். ஸிந்துஜா அதற்கும் மெனக்கெட்டுப் பதில் போட்டாள். பெரும்பாலானவர்கள் பதிலே போடவில்லை. அந்த வழக்கத்தில் கொஞ்சம் கொஞ்சமாக அவள் உமாபதியிடம் உரக்கப் பேசக் கற்றுக்கொண்டாள். ஏன் என்று கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

இப்படியே மூன்று வருஷம் ஆகப் போயிற்று. கலியனிடமிருந்து அதற்கிடையில் இரண்டு கார்டுகள் வந்தன. பழுது பார்த்தாயிற்றா என்று மட்டும் கேட்டிருந்தார். இன்னும் இல்லை என்று உமாபதி எழுதினார். அதற்குமேல் கார்டு வரவில்லை. வேறு சிநேகிதம் பிடித்திருப்பார், காலையில் சும்மா இருக்கிற ஆளா அவர் என்று உமாபதி தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

கருட சேவைக்கு மறுநாள், ஊர்க் கூட்டம் வடிந்து கடை திறந்ததும், ஸிந்துஜாவிடமிருந்து போன் வந்தது. போலந்தில் ஒரு பல் டாக்டர், பார்க்கிற பக்கத்தையெல்லாம் படத்தோடு சேமித்து வைக்கிற பழக்கம் உள்ளவராம். இரண்டாம் பாகத்துப் படமும் மூன்றாம் பாகத்துப் படமும் அனுப்பியிருந்தார். உமாபதி அட்டையை அரைகுறையில் போட்டுவிட்டு, பழைய பலகையைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு சைக்கிளை எடுத்தார்.

இரண்டாம் பாகத்துப் படம் அவரிடம் இருந்தது போலவே இருந்தது. ஒரு கோடு கூடுதல் இல்லை, குறைவு இல்லை. மூன்றாம் பாகத்துப் படத்தை ஸிந்துஜா திறந்தாள். மேஜை மேல் ஒரு சின்ன அலுமினியப் பெட்டி. அதன் மேல் ஒரு சாம்பல் நிறப் பூனை சுருண்டு படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

"இது இன்னா மா?"

"பூனை சார்."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல. கீழ எழுதியிருக்கார், வேலை முடிஞ்சுதுன்னு."

உமாபதி நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டார். மூன்று வருஷம். ஒரு பூனைக்கு. ஸிந்துஜாவுக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டாள்.

"அந்த எழுத்த ஒரு தடவ படிச்சுப் பாக்கலாமே சார். நான் தமிழ்ல சொல்றேன், கேளுங்கோ."

வேண்டாம் என்று சொல்லக்கூட அவருக்குத் தெம்பில்லை. அவள் படித்துப் படித்துத் தமிழில் சொன்னாள், பக்கத்து மேஜைகளில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கிற குரலில். முதல் பத்தி வானிலையைப் பற்றி. இரண்டாவது பத்திக்கு வந்தாள்.

"போன பாகத்துல குடுத்த படத்தப் பத்தி ஒரு வார்த்தை. அது செப்புப் பக்கம் நம்ம கண்ணுக்கு எப்படித் தெரியுமோ அப்படியே வரைஞ்சது. நான் ஏற்கெனவே திருப்பித்தான் குடுத்திருக்கேன். நீங்க அப்படியே காப்பி பண்ணணும். தயவுசெஞ்சு இன்னொரு தடவ திருப்பாதேங்கோ. திருப்பினா, இந்த சிப்புக்கு மத்த கால் எல்லாம் சரியாவே உக்காரும். மின்சாரம் ஏர்ற காலும் எறங்கற காலும் மட்டும் எடம் மாறிடும். சிப் சுடும். கடைக்காரன வையாதேங்கோ."

அவள் திரையிலிருந்து கண்ணை எடுத்தாள். "நீங்க திருப்பினேளா சார்?"

உமாபதி இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். அவர் திருப்பவில்லை. திருப்பியதாக அவருக்கு நினைவே இல்லை. சட்டைப் பையிலிருந்து பழைய பலகையை எடுத்து, இரண்டாம் பாகத்துப் படத்தைத் திரைக்குக் கொண்டுவரச் சொல்லி, அதற்குப் பக்கத்தில் பிடித்தார். படத்தில் இடது கோடியில் இருந்தது பலகையில் வலது கோடியில் இருந்தது. இதை அவர் எத்தனை நாள் சரிபார்த்திருக்கிறார். ஒவ்வொரு முறை சரிபார்த்தபோதும் கண்ணும் சேர்ந்து திருப்பிக்கொண்டிருந்திருக்கிறது.

"பொழப்பு மா" என்றார். "கை பழகிப் போச்சு."

அவளுக்கு அது விளங்கவில்லை. அவர் விளக்கவுமில்லை. ரிச்சி தெருக் கடைக்காரர்களை வைததெல்லாம் நினைவுக்கு வந்து அவருக்குக் கூச்சமாக இருந்தது. இந்த எழுத்து இதே திரையில் வந்து நின்றபோது, படம் இல்லை என்று எழுந்து போனது அதைவிடக் கூச்சமாக இருந்தது.

வீட்டுக்குப் போய்ப் புதுப் பலகை செய்தார். ஒவ்வொரு கோட்டையும் போடும்போது கையை இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது. கட்டுக்கடங்காத மாட்டை வண்டியில் பூட்டியது போல, கண் அசந்தால் அது பழைய பக்கத்துக்கே போயிற்று. இந்தத் தடவை திராவகத்துக்குப் பிளாஸ்டிக் கிண்ணம். சிப்பை வைத்து மின்சாரம் கொடுத்தார். விரலை வைத்துப் பார்த்தார். குளிர்ந்து கிடந்தது. வெகு நேரம் விரலை எடுக்காமலே இருந்தார்.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் பெட்டியின் துணியை விலக்கினார். கலியன் இருப்பார் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. ஃபில்டர் வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் என்று துர்காதேவியிடம் சொல்லியிருந்தார். அவள் ஒன்றும் கேட்காமலிருந்தும் சொல்லியிருந்தார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு சுவிட்சைப் போட்டதும், கதவைச் சாத்தினாற்போல இரைச்சல் போய்விட்டது. அந்த அமைதி அவருக்கே புதிதாக இருந்தது. பழைய அலைவரிசைக்கு மெதுவாகத் திருகிக்கொண்டே வந்தார்.

தாழ்ந்த, தடித்த சத்தம் ஒன்று கேட்டது. யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள். எழுத்து எழுத்தாக, நடுவில் தாராளமாக இடைவெளி விட்டு, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கு அனுப்புகிற மாதிரி மெதுவாக அடித்தார்கள். எவனோ புதுசு என்று நினைத்தார் உமாபதி. அப்புறம்தான் கூப்பிடப்படுவது உரிமத்தோடு தனக்குக் கொடுத்த அழைப்புக் குறி என்பது அவருக்கு உறைத்தது. கடைசி எழுத்தில் அந்த இழுப்பு இருந்தது.

மூன்று முறை கூப்பிட்டது. பதிலுக்காகக் காத்திருந்தது. மறுபடி மூன்று முறை கூப்பிட்டது. ரயில்வே வேகத்தில் ஓடிய கை அப்படித் தவழ்வது லேசில் நடக்காது. நடுவில் ஒரு தடுமாற்றம் இல்லாமல் அடிப்பதைப் பார்த்தால், இன்று நேற்றுப் பழக்கம் மாதிரியும் இல்லை. டிரான்ஸ்மிட்டர் பழுதான ஆளை எதற்கு மெதுவாகக் கூப்பிட வேண்டும். போஸ்ட் கார்டில் கேட்ட கேள்விக்கு வந்த பொய்யை வாங்கி வைத்துக்கொண்டு, தினமும் காலையில் வந்து, காது கேட்காதவனைக் கூப்பிடுகிற மாதிரி கலியன் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார். உமாபதிக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது. கண் கலங்கியது, துடைத்துக்கொண்டார்.

மோர்ஸ் அடிக்கிற கீயில் கை வைத்துத் தன்னுடைய குறியை மட்டும் அடித்தார்.

அந்தப் பக்கமிருந்து மடை திறந்த மாதிரி வந்தது. கலியனுக்குத் தலைகால் புரியவில்லை, மெதுவாக அடிக்க வேண்டும் என்பது மறந்தே போய்விட்டது. பழைய ரயில்வே வேகம். எழுத்தின் மேல் எழுத்து ஏறிக்கொண்டு ஓடியது. ஃபில்டர் சத்தத்தைத்தான் சுத்தமாகக் கொடுக்கும், மூன்று வருஷம் பழக்கம் விட்டுப்போன காதுக்கு வேகத்தைக் கொடுக்காது. வீடு என்று ஒன்று பிடிபட்டது. மழை என்று ஒன்று. மற்றதெல்லாம் போயிற்று. கலியன் முடித்துவிட்டுக் காத்திருந்தார்.

உமாபதியின் விரல் பழைய வழக்கப்படி, ரொம்ப சந்தோஷம் என்பதன் முதல் எழுத்துக்குப் போயிற்று. பாதி எழுத்தில் நின்றது.

பின்னால் துர்காதேவி காபி டம்ளரோடு வந்து நின்றிருந்தாள். அவர் பார்க்கவில்லை. கீயில் ஒரு முறை விரலை எடுத்து மறுபடி வைத்தார். தன் வாழ்நாளில் யாருக்கும் அடிக்காத மூன்று எழுத்தை, ஒவ்வொன்றாக, பிசகில்லாமல் அடித்தார். கியூ. ஆர். எஸ்.

கலியனிடமிருந்து பதில் மெதுவாக, ஒவ்வோர் எழுத்துக்கும் நடுவில் நிறைய இடம் விட்டு வந்தது. காலையில் என்ன டிபன்.

உமாபதிக்கு அதில் ஓர் எழுத்தைக்கூட ஊகிக்க வேண்டியிருக்கவில்லை.